கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ரேடியோ இரைகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு வரும் சந்தேகம் இது. கம்ப்யூட்டர் நன்றாக இயங்குகிறது. ரேடியோவும் நேற்று வரை நன்றாகப் பாடியது. ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ரேடியோவில் "உர்ர்ர்" என்று இரைச்சல் வருகிறது. எப்.எம். ரேடியோவில் ஸ்கேன் பட்டனை அழுத்தினால், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, ரேடியோவிலா?

பெரும்பாலும் இரண்டிலும் கோளாறு இல்லை. ஒன்று வெளியிடும் தேவையற்ற அலைகளை மற்றொன்று வாங்கிக் கொள்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் சிலர் ரேடியோவை மாற்றுகிறார்கள். சிலர் விலை கொடுத்து வடிகட்டிகளை வாங்கி வந்து மாட்டுகிறார்கள். இன்னும் சிலர், யாரோ சொன்னார்கள் என்று பிளக்கில் உள்ள எர்த் பின்னை நீக்கிவிடுகிறார்கள். இந்தக் கடைசி வேலை உயிருக்கே ஆபத்தானது. அதனால் காசு செலவழிப்பதற்கு முன்னும், ஒயரில் கை வைப்பதற்கு முன்னும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் குறைக்கும் வழிகளையும் இங்கு வரிசையாகப் பார்ப்போம்.

இரைச்சல் எப்படி உருவாகிறது?

கம்ப்யூட்டரின் சிபியு பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சப்ளை பெட்டி இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இது முதலில் நேர்மின்சாரமாக மாற்றும். பிறகு அதை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை துண்டித்துத் துண்டித்து, தேவையான 12 வோல்ட், 5 வோல்ட் அளவுகளுக்குக் கொண்டு வரும். இந்தத் துண்டிப்பு வேகம் பல கிலோஹெர்ட்ஸ் இருக்கும். மொபைல் சார்ஜர், மோடம் அடாப்டர், எல்.இ.டி. டியூப் லைட் ஆகியவற்றிலும் இதே வேலையைச் செய்யும் சிறிய சர்க்யூட் இருக்கிறது.

சட்டென்று துண்டிக்கப்படும் மின்சாரம் அந்த ஒரு வேகத்தில் மட்டும் அலைகளை வெளியிடுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏணிப்படி போல அலைகள் வரிசையாக வரும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 52 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஓர் அடாப்டர் 104, 156, 208 என்று அலைகளைத் தரும். அதன் 18-ஆவது மடங்கு எது? 936 கிலோஹெர்ட்ஸ். சேலம், நாமக்கல் பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோ கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண் உடனே தெரியும். அது திருச்சி வானொலியின் அலைவரிசை. 1939-இல் தொடங்கிய அந்த நிலையம் எடப்பாடியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அடாப்டரோ ரேடியோவிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் பேச்சைப் பக்கத்தில் இருப்பவரின் கூச்சல் அமுக்கிவிடுவது போலத்தான் இது.

எப்.எம். ஒலிபரப்பு இந்த வகை இரைச்சலை ஓரளவு தாங்கும். அலையின் உயரம் மாறுவதை எப்.எம். ரேடியோ கண்டுகொள்வதில்லை என்பதே காரணம். ஆனால் அங்கு வேறு தொல்லை இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் கடிகாரம் போலத் துடிக்கும் பல சர்க்யூட்டுகள் உள்ளன. நெட்வொர்க் கேபிள் இணைப்புக்கான சர்க்யூட்டில் பொதுவாக 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். அதன் நான்கு மடங்கு 100 மெகாஹெர்ட்ஸ். ஸ்கேன் செய்யும் ரேடியோ, 100.5-இல் உள்ள கொடைக்கானல் பண்பலைக்குப் போகும் முன்பே 100.0-இல் நின்று மௌனமாக இருந்தால், அது நிலையம் அல்ல. உங்கள் கம்ப்யூட்டராக இருக்கலாம்.

முதல் வேலை: வீட்டிலா, வெளியிலா?

இதற்குப் பேட்டரியில் இயங்கும் சிறிய மீடியம் வேவ் ரேடியோ ஒன்று போதும். சோதனையைப் பகலில் செய்திடவும். இரவில் தொலைதூர நிலையங்கள் வானில் பட்டுத் திரும்பி வந்து ஒன்றோடு ஒன்று கலந்து குழப்பும்.

1. ரேடியோவை 600 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், எந்த நிலையமும் கேட்காத இடத்தில் வைக்கவும். இரைச்சல் நன்றாகக் கேட்க வேண்டும்.

2. கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்திடவும். பவர் பட்டனை அழுத்தியோ பிளக்கைப் பிடுங்கியோ நிறுத்த வேண்டாம். பைல்கள் கெட்டுப்போகும்.

3. இப்போது வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்கவும். வீட்டில் இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போனவுடன் அது இயங்கத் தொடங்கிப் புது இரைச்சலைக் கொடுக்கும்.

4. இரைச்சல் நின்றுவிட்டால், அதற்குக் காரணமான பொருள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நிற்காவிட்டால் வெளியில் இருக்கிறது.

5. மெயினைப் போட்டு, எல்லாப் பொருள்களையும் பிளக் பாயிண்டில் அணைத்து வைக்கவும். பிறகு ஒவ்வொன்றாகப் போடவும். எதைப் போட்டபோது இரைச்சல் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதவும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். ஷட் டவுன் செய்த பிறகும், பிளக் பாயிண்டில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். ஒரு பகுதியாக இயங்கிக்கொண்டுதான் இருக்கும். மானிட்டர், மோடம், ஸ்பீக்கர் ஆகியவையும் அப்படித்தான். எனவே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால்தான் அணைத்ததாகக் கணக்கு.

எடப்பாடியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். முன் அறையில் புதுக் கம்ப்யூட்டர். பின்னால் விசைத்தறிக் கூடம். இரைச்சல் வந்தால் பழி முதலில் கம்ப்யூட்டர் மேல் விழும். அடுத்து தறி மோட்டார் மேல் விழும். தறியில் வழக்கமாக உள்ள மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. அது ஓடும்போது பொறி பறப்பதில்லை. ஸ்டார்ட்டரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் "டக்" என்று ஒரு சத்தம் ரேடியோவில் கேட்கும், அதோடு சரி. ஆனால் கூடத்தில் வரிசையாக மாட்டிய எல்.இ.டி. டியூப் லைட்டுகளும், கம்ப்யூட்டரோடு வந்த மோடத்தின் சிறிய அடாப்டரும் நாள் முழுக்க இரையலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சத்தமே அடையாளம் சொல்லும்

விடாமல் ஒரே மாதிரி "உர்ர்ர்" என்று வந்தால்: எஸ்.எம்.பி.எஸ்., சார்ஜர் அல்லது எல்.இ.டி. விளக்கு.

மவுஸை நகர்த்தும்போதோ திரையில் படம் மாறும்போதோ சத்தமும் மாறினால்: கம்ப்யூட்டரே காரணம். மானிட்டர் கேபிளும் யு.எஸ்.பி. கேபிளும் ஏரியல் போல வேலை செய்கின்றன.

"சடசட" என்று வந்து நின்றால்: மிக்ஸி, டிரில்லிங் மெஷின் போன்ற, கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்.

மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால் அதிகமாகி, முழு வேகத்தில் குறைந்தால்: விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்.

மொபைல் அழைப்பு வரும் முன் "டிட்-டிட் டர்ர்" என்று வந்தால்: 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வருவது. போனைத் தள்ளி வைத்தால் போதும்.

மெயினை அணைத்தும் நிற்காமல், காற்றடிக்கும்போது "கரகர" என்று அதிகமானால்: வெளியே மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்போ, பழுதான இன்சுலேட்டரோ இருக்கலாம். கம்பத்தை நீங்கள் தொடவோ தட்டவோ கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லவும். இது ரேடியோவுக்கு மட்டும் தொல்லை அல்ல. அங்கு பொறி பறக்கிறது என்று பொருள்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

முதலில் தூரம். ரேடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தாலே இரைச்சல் பெருமளவு குறையும். அருகில் இருக்கும்போது இந்த அலைகளின் வலிமை தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது. ரேடியோவும் கம்ப்யூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்க வேண்டாம். ரேடியோவைப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் அது மின் ஒயர் வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து திசை. மீடியம் வேவ் ரேடியோவுக்குள் கரும்பென்சில் போன்ற ஒரு ஃபெரைட் கம்பி நீளவாக்கில் படுத்திருக்கும். அதுதான் ஏரியல். பெட்டியின் முகப்பும் முதுகும் பார்க்கும் திசைகளிலிருந்து வரும் அலையை அது நன்றாக வாங்கும். கம்பியின் இரு முனைகள் காட்டும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய வாங்கவே வாங்காது. எடப்பாடிக்குத் திருச்சி தென்கிழக்கில் இருக்கிறது. எனவே ரேடியோவின் முகப்பு தென்கிழக்கைப் பார்க்கட்டும். அப்போது கம்பியின் முனைகள் வடகிழக்கையும் தென்மேற்கையும் காட்டும். அந்த இரண்டில் ஒரு திசையில் கம்ப்யூட்டர் இருக்கும்படி ரேடியோவுக்கு இடம் தேடிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாமல் நிலையம் மேலெழுந்து வரும், இரைச்சல் அமுங்கும். ரேடியோவை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டால் சரியான இடம் தானாகவே பிடிபடும்.

மூன்றாவது கேபிள்கள். சிபியுவின் பின்னால் சுருண்டு கிடக்கும் ஒயர்களைப் பாருங்கள். மின் ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள். பயன்படாத யு.எஸ்.பி. கேபிள்களைக் கழற்றிவிடவும். மறுமுனையில் எதுவும் இல்லாத கேபிளும் ஏரியலாக இரைச்சலை வெளியே அனுப்பும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து ஓட்டுவது சிலரின் பழக்கம். அந்த இரும்புத் தகடும் அலைகளைத் தடுக்கும் சுவர்தான். மாட்டி, ஸ்க்ரூ போட்டு வைக்கவும்.

சிறு செலவில் ஃபெரைட்

மானிட்டர் கேபிளின் முனையில் உருண்டையாகத் தடித்த ஒரு பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஃபெரைட் என்ற கருப்புப் பீங்கான் வளையம். கேபிளில் ஏறிவரும் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுத்து வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை. இதையே கிளிப் போலத் திறந்து மூடும் வடிவில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் தனியாக வாங்கலாம்.

மாட்டும்போது மூன்றைக் கவனிக்கவும். ரேடியோ பக்கம் அல்லாமல், இரைச்சல் தரும் பொருளுக்கு அருகில் மாட்ட வேண்டும். கிளிப் இடைவெளியின்றி இறுக மூட வேண்டும். கேபிளை ஒருமுறை நுழைப்பதைவிட மூன்று சுற்று சுற்றினால் பலன் மூன்று மடங்கு அல்ல; ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆனால் சிறிய கிளிப் எப்.எம். அலைவரிசையில் தரும் பலனை மீடியம் வேவில் தராது. மீடியம் வேவ் இரைச்சலுக்குப் பெரிய ஃபெரைட் வளையத்தில் அடாப்டர் ஒயரைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு அடாப்டர்தான் காரணம் என்றால், அதை மாற்றிவிடுவதே எளிது.

எர்த்: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் உள்ள இரண்டு சிறிய கெபாசிட்டர்கள், ஒயர் வழியாக வெளியேற முயலும் இரைச்சலைப் பிடித்து எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாத வீட்டில் அந்த இரைச்சலுக்குப் போக இடமில்லை. அது கேபினட்டிலும் கேபிள்களிலும் பரவி ரேடியோவில் கேட்கும்.

இன்னொன்றும் நடக்கும். அதே கெபாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டில் பாதி அளவு, அதாவது சுமார் 115 வோல்ட், கேபினட்டின் இரும்பில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். "புதுக் கம்ப்யூட்டர், லேசாக ஷாக் அடிக்கிறது" என்று பலர் சொல்வது இதைத்தான். இது கம்ப்யூட்டரின் குறை அல்ல. "உங்கள் வீட்டில் எர்த் இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லும் தகவல். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளை உள்ளே ஒரு ஒயர் உரிந்து கேபினட்டைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டில் காத்திருக்கும். மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள்தான்.

கம்ப்யூட்டர் ஆடியோவை டி.வி.யுடனோ ஆம்ப்ளிஃபயருடனோ இணைக்கும்போது "ம்ம்ம்" என்ற ஹம்மிங் வருவதுண்டு. எர்த் பின்னை எடுத்தால் அது நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் நீங்கள் எடுத்தது உங்கள் காப்பைத்தான். அதற்குப் பதில், இணைத்த பொருள்கள் அனைத்தையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இயக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவில் மாட்டும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கிடைக்கிறது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கவும். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழியாக இருந்தால், கோடையில் மண் காய்ந்து பலன் குறையும். தண்ணீர் ஊற்றிவர வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கம்ப்யூட்டரையே ரேடியோவாக்கியவர்களுக்கு

பென் டிரைவ் அளவே உள்ள ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற டாங்கிள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிஜிட்டல் டி.வி. பார்க்கத் தயாரான டாங்கிளை அகல அலைவரிசை ரிசீவராகவும் பயன்படுத்தலாம் என்று 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. யு.எஸ்.பி.யில் செருகினால் ஒலிபரப்பைக் கேட்பதோடு அலைகளைத் திரையில் படமாகவும் பார்க்கலாம். ஸ்கேன் செய்யும் வசதி தரும் சாஃப்ட்வேர்களும் உள்ளன. ஒரு எச்சரிக்கை: எப்.எம். போன்ற பொது ஒலிபரப்பைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காவல்துறை போன்றவற்றின் உரையாடல்களை அனுமதியின்றி ஒட்டுக்கேட்பது சட்டப்படி குற்றம்.

இந்த டாங்கிள் இரைச்சல் தரும் கம்ப்யூட்டரின் மேலேயே உட்காருவதால் தொல்லை அதிகம். இவற்றைச் செய்திடவும்.

கம்ப்யூட்டரில் நேராகச் செருகாமல், ஒன்றிரண்டு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டவும். கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் கிளிப் போடவும். ஏரியலை ஜன்னலுக்கு வெளியே கொண்டு போகவும். இடி மின்னல் நேரத்தில் அதைக் கழற்றிவிடவும்.

முடிந்தால் யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் மாட்டவும். நீல நிறத்தில் இருக்கும் 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் இரைச்சல் தரக்கூடியவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இவை வயர்லெஸ் மவுஸையே தடுமாற வைக்கும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் இரைச்சல் கோடுகள் மறைந்தால் சார்ஜர்தான் காரணம்.

திரையில் தெரியும் ஒரு கோடு நிலையமா, இரைச்சலா? ஏரியலைக் கழற்றவும். அப்படியும் கோடு மறையவில்லை என்றால் அது வெளியிலிருந்து வரவில்லை. திரையின் நடுவில் எப்போதும் நிற்கும் கூர்முனை டாங்கிளுடையதே. டாங்கிளின் கிரிஸ்டல் 28.8 மெகாஹெர்ட்ஸ், அதன் மடங்குகளிலும் பொய்க் கோடுகள் வரும்.

கெயின் அளவை உச்சத்தில் வைக்காதீர்கள். இந்த டாங்கிள் அலையை 8 பிட் அளவில்தான் அளக்கிறது. பலமான எப்.எம். நிலையங்கள் அதைத் திணறடிக்கும். அப்போது இல்லாத நிலையங்கள் தோன்றும். 94, 98 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பலமான நிலையங்கள் இருந்தால் 90-இலும் 102-இலும் அவற்றின் கலவை நிழலாகக் கேட்கும். கெயினைச் சற்றுக் குறையுங்கள். உண்மை நிலையம் கொஞ்சம் இறங்கும். நிழல் சட்டென்று மறையும்.

இரைச்சலைத் தேடியவர் கண்டது

இரைச்சலைத் தேடுவது சிறு வேலை அல்ல. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்கும் இதே வேலைதான் தரப்பட்டது. கடல் கடந்த ரேடியோ தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் சக்கரங்கள் மேல் சுழலும் ஏரியலைச் செய்து, திசை திசையாகத் திருப்பி, நேரத்தைக் குறித்து வைத்தார். அருகில் உள்ள இடி, தொலைவில் உள்ள இடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது பால்வெளி மண்டலத்திலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். ரேடியோ வானியல் அப்படித்தான் பிறந்தது. ஊட்டி அருகே முத்தொரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி அந்த வழியில் வந்ததுதான்.

அவர் செய்ததும் இதுதான்: திருப்பிப் பார்ப்பது, ஒவ்வொன்றாகப் பிரிப்பது, எழுதி வைப்பது. நீங்களும் இன்று மாலை ஒரு நோட்டும் பேட்டரி ரேடியோவும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இரைச்சல் தரும் பொருளைக் கண்டுபிடித்த பிறகு தூரம், திசை, கேபிள், ஃபெரைட் என்ற வரிசையில் முயன்று பாருங்கள். எர்த்தை மட்டும் இன்றே சோதித்துவிடுங்கள். ரேடியோ இரைந்தாலும் சரி, இரையாவிட்டாலும் சரி.